துயில், மூச்சு, எண்: மூச்சுத்தடைச் சிகிச்சையிற் கைக்கடிகாரத் தரவுகளின் இடம் பற்றிச் சில குறிப்புகள்

இலக்கிய மாணவனொருவன் உறக்கத்தைப் பற்றியும் குருதியிற் கலந்துள்ள ஒட்சிசனைப் பற்றியும் எழுத முற்படுவது இச்சஞ்சிகையின் வாசகர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆயின் இங்கு ஆராயப்படும் நோயின் வரலாற்றில் ஒரு நாவலுக்கும் இடமுண்டு. சாள்ஸ் டிக்கின்ஸ் 1836ஆம், 1837ஆம் ஆண்டுகளில் மாத வெளியீடாக எழுதிய பிக்விக் நாவலிலே ஜோ என்னும் பருத்த சிறுவன் வருகிறான். வார்டில் என்ற கிராமத்துக் கனவானின் வேலைக்காரன் அவன். ஏவல் கேட்கும் வேளையிலும் வண்டியில் அமர்ந்திருக்கும் வேளையிலும் உறங்கிவிடுவான், குறட்டையும் விடுவான். நாவலில் அவன் வருவது பெரும்பாலும் வாசகரைச் சிரிக்க வைக்கவே. 1956இல் பர்வெல் முதலான அமெரிக்க மருத்துவர்கள், மிகுந்த உடற்பருமனும் பகலுறக்கமும் ஒருங்கே கொண்ட நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியபோது அந்நிலைக்குப் பிக்விக்கின் பெயரையே சூட்டினர். அந்நோயாளியோ 51 வயதுடைய வர்த்தக நிர்வாகி. வாராந்தம் நடக்கும் சீட்டாட்டமொன்றிற் கைக்கு மூன்று ஆசும் இரண்டு இராசாவும் வந்திருக்க, அவற்றை இறக்கி வெல்லாமல் உறங்கிப்போனவர். அதன் பின்னரே வைத்தியசாலையை நாடினார். வேலைக்காரச் சிறுவன் உறங்கினால் அது நகைச்சுவை, நிர்வாகி உறங்கினால் அது நோய் என்றாகியமை, 120 ஆண்டு இடைவெளியையும் மீறி மனங்கொள்ளத்தக்கது. பர்வெல் விவரித்த நிலையைப் பிற்கால மருத்துவர் உறக்கத்திலே தொண்டை அடைபடும் நோயினின்றும் வேறாகவே வகுப்பர் என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். ஆயினும் இரண்டும் ஒரே உடலிற் பலவேளைகளிற் சேர்ந்திருப்பன.

நம்மிடையேயும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. குறட்டை விடுபவனைக் 'கும்பகர்ணன்' எனக் கேலி செய்து அப்பாற் செல்வதே வழக்கம். ஆழ்ந்த நித்திரையின் அடையாளம் குறட்டை என்று நம்புவோரும் பலர். உண்மையிற் பலருக்கு அது நித்திரை கெட்டுக்கொண்டிருப்பதன் ஓசை.

இந்நோய்க்குச் சிகிச்சை பெறுவோருட் பலர் இன்று படுக்கையில் இரண்டு கருவிகளுடன் துயில்கின்றனர். முகத்திலே காற்றுக் குழாயுடன் இணைந்த முகமூடி. மணிக்கட்டிலே ஸ்மார்ட் கடிகாரம். காலையில் ஒன்று ஓர் எண்ணைத் தருகிறது. மற்றையது பல எண்களையும் வண்ணக் கோடுகளையும் தருகிறது. சிலவேளை அவை உடன்படுகின்றன, சிலவேளை முரண்படுகின்றன. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து வாசிப்பது எவ்வாறு, எதுவரை அவற்றை நம்பலாம் என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள். இக்கட்டுரையாளனும் முகமூடியுடன் துயில்பவர்களுள் ஒருவன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

முதலில் உடலில் நிகழ்வதை நோக்குவோம். விழித்திருக்கையில் நாவையும் மென்னண்ணத்தையும் தொண்டைச் சுவர்களையும் தசைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. உறக்கத்திலே தசைகள் தளர்கின்றன. தொண்டை இயல்பிலேயே ஒடுங்கியிருப்பின், அல்லது கழுத்தைச் சூழக் கொழுப்புச் சேர்ந்திருப்பின், மூச்சை உள்ளிழுக்கும் விசையே அவ்வழியை உறிஞ்சி மூடிவிடுகிறது. மார்பும் வயிறும் மூச்சுக்காக முயல்கின்றன, காற்றோ நுழைவதில்லை. குருதியின் ஒட்சிசன் வீழ்கிறது, காபனீரொட்சைட்டு ஏறுகிறது. ஈற்றில் மூளை ஓரிரு கணம் விழித்துத் தொண்டையைத் திறக்கிறது, பெருமூச்சு, மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. உறங்குபவருக்கு இவற்றுள் ஒன்றேனும் நினைவில் நிற்பதில்லை. காலையிலே தலைவலியும் பகலிற் சோர்வும் எஞ்சுகின்றன. காலப்போக்கிற் குருதியமுக்கமும் உயர்கிறது. தன் நோய்க்குத் தானே சாட்சியாக இருக்க முடியாமை இந்நோயின் தனித்தன்மை எனலாம். அருகிற் படுத்திருப்பவர் சாட்சி. இல்லையேல் கருவி சாட்சி.

காற்றோட்டம் 10 செக்கனோ அதற்கு மேலோ நின்றுபோவதை ஒரு மூச்சடைப்பு எனக் கணக்கிடுவர். காற்று முற்றாக நில்லாமற் குறைந்து, அதனால் ஒட்சிசன் வீழ்ச்சியோ விழிப்போ ஏற்படின் அது மூச்சுக்குறைவு. உறங்கிய ஒரு மணித்தியாலத்துக்கு இவை இரண்டும் சராசரியாக எத்தனை தடவை நிகழ்கின்றன என்பதே இந்நோயின் சுட்டெண். 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை மிதமானது. 30க்கு மேல் கடுமையானது. எண் என்றவுடன் அது இயற்கை தந்தது எனக் கொள்ளுதல் தவறு. மூச்சுக்குறைவாகக் கணிக்க ஒட்சிசன் 3 சதவீதம் வீழ்ந்தாற் போதுமா, 4 சதவீதம் வீழவேண்டுமா என்பதில் மருத்துவரிடையே நெடுங்கால விவாதம் உண்டு. அமெரிக்காவில் முதியோருக்கான அரச காப்புறுதியாகிய மெடிக்கெயர் 4 சதவீதத்தையே ஏற்கின்றது. ஒரே மனிதர், ஒரே இரவு. ஓர் அளவுகோலின்படி நோயாளி, மற்றையதன்படி நோயாளி அல்லர். இங்கு எண்ணுக்குப் பின்னே ஒரு நிறுவனத்தின் செலவுக் கணக்கும் நிற்கிறது.

1965இல் பிரான்சிலே கஸ்தோ முதலியோரும் ஜேர்மனியிலே யுங், கூலோ ஆகியோரும் உறக்கத்தின்போது மூச்சைத் தொடர்ந்து பதிவுசெய்து இவ்வடைப்பை முதன்முதலிற் காட்டினர். அக்காலத்திற் கடும் நோயாளருக்கு இருந்த பயனுள்ள வழி, கழுத்திற் குழாய்த் துளையிட்டுத் தொண்டையைக் கடந்து மூச்சு விடச்செய்தலே. 1980இற் சிட்னியில் கொலின் சலிவன் வேறொரு வழியைச் சோதித்தார். மூக்கின் வழியே இடையறாது சிறிது அமுக்கத்துடன் காற்றைச் செலுத்தினால், அக்காற்றே தொண்டைச் சுவர்களை உள்ளிருந்து தாங்கும் பத்தைபோல நிற்கும் என்பது அவர் கருத்து. ஐந்து நோயாளரிற் பெற்ற பெறுபேறுகளை அவரும் உடன் ஆய்வாளரும் 1981இல் லான்செற் சஞ்சிகையில் வெளியிட்டனர். நீர்மட்டத்தில் 4.5 முதல் 10 சென்ரிமீற்றர் வரையான சிறிய அமுக்கமே போதுமானதாயிருந்தது. இன்று சீபாப் என உலகெங்கும் வழங்கும் சிகிச்சை இதுவே. அது நோயை மாற்றுவதன்று. அணிந்திருக்கும் வரை அடைப்பைத் தடுப்பது. கழற்றிய கணத்திலிருந்து பழைய தொண்டையே. இவ்வெளிய உண்மையிலிருந்தே பின்வரும் சிக்கல்கள் யாவும் பிறக்கின்றன.

இப்பொறி காற்றோட்டத்தை அளந்து, சிகிச்சையின்போதும் எஞ்சும் அடைப்புக்களைக் கணக்கிட்டு, காலையில் ஒரு சுட்டெண்ணைக் காட்டுகிறது. முகமூடியிற் காற்றுக் கசிவு எவ்வளவு, எத்தனை மணித்தியாலம் அணியப்பட்டது என்பவற்றையும் பதிகிறது. ஆனால் சாதாரணமாக அது குருதி ஒட்சிசனை அறியாது. அணிந்தவர் உறங்குகிறாரா, விழித்துக் கிடக்கிறாரா என்பதையும் அறியாது. எல்லாவற்றினும் முக்கியமாக, முகமூடி கழன்ற பின்னர் நிகழ்வதை அது அறியவே அறியாது. அதன் சுட்டெண் அணிந்திருந்த மணித்தியாலங்களுக்கான சுட்டெண்; இரவுக்கானதன்று.

ஓர் உதாரணம் கொள்வோம். சிகிச்சைக்கு முன் சுட்டெண் 30ஆக இருந்த ஒருவர் ஏழு மணித்தியாலம் உறங்குகிறார். நான்கு மணித்தியாலம் முகமூடியுடன். அதன்பின் தூக்கக் கலக்கத்திற் கழற்றி எறிந்துவிடுகிறார். பொறி காலையில் 2 என்று காட்டுகிறது. நான்கு மணித்தியாலத்தில் எட்டு அடைப்பு. எஞ்சிய மூன்று மணித்தியாலத்தில், பழைய வேகத்திலே நிகழுமாயின், தொண்ணூறு. ஆக மொத்தம் 98. ஏழால் வகுத்தால் 14. பொறியின் கணக்கில் 2ஆகவுள்ள இரவு உடலின் கணக்கில் 14. இதுவும் தாராளமான மதிப்பீடே. கண்கள் மூடிய இமைக்குள் விரைந்து அசையும் கனவுத்துயில் இரவின் பிற்பகுதியிலேயே கூடுதலாக அமைகிறது. தசைகள் மிகத் தளர்வதும், பலருக்கு அடைப்புக்கள் நீள்வதும் அப்போதுதான். முகமூடி பாயின் ஓரத்திற் கிடக்கும் நேரமும் பெரும்பாலும் அதுவே.

நான்கு மணித்தியாலம் என்பது தற்செயலாகத் தெரிந்த எண்ணன்று. சிகிச்சையின் முதல் மூன்று மாதத்துள், தொடர்ந்த 30 நாட்களில் 70 சதவீத இரவுகளிலேனும் இரவுக்கு நான்கு மணித்தியாலம் பொறியைப் பயன்படுத்தினாலே மெடிக்கெயர் தொடர்ந்து பணம் கொடுக்கும். அதாவது 21 இரவுகள். பொறியிற் பொருத்திய தொடர்பாடற் கருவி மணிக்கணக்கை நேரே அனுப்பிவிடுகிறது. மேற்கூறிய உதாரண மனிதர் இந்நியதியின்படி 'ஒழுங்காகச் சிகிச்சை பெறுபவர்'. பொறியை விற்றவருக்கும் காப்புறுதிக்கும் வேண்டியது அவ்வளவே. தொழிற்சாலைக் கடிகாரம் உழைப்பாளரின் காலவுணர்வை மாற்றியமை பற்றி ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரை யாவரும் அறிந்தது. வரவுப் பதிவேடு படுக்கைக்குள்ளும் வந்துவிட்டமையை அவர் கண்டாரல்லர். இன்னொன்றும் உண்டு. மூளை இதய நோய்களைச் சீபாப் தடுக்குமா எனச் சோதித்து 2016இல் வெளியான பெரும் ஆய்வொன்றில் 2,717 பேர் பங்குபற்றினர். குறட்டையும் பகலுறக்கமும் குறைந்தன. ஆயின் மாரடைப்பு முதலியன குறைந்ததாகக் காணப்படவில்லை. அதிற் பொறியை அணிந்தோரின் சராசரிப் பயன்பாடு இரவுக்கு 3.3 மணித்தியாலம். சிகிச்சை தோற்றதா, அன்றி அரை இரவுச் சிகிச்சை தோற்றதா என்ற வாதம் இதனாலேயே எழுந்தது.

இனி மணிக்கட்டுக்கு வருவோம்.

ஒளியைக் கொண்டு குருதி ஒட்சிசனை அளக்கும் முயற்சி இரண்டாம் உலகப் போரின்போது போர்விமானிகளின் பொருட்டு முனைப்புப் பெற்றது. மில்லிக்கன் செய்த காதுக் கருவி அக்காலத்தது. இன்றைய முறையின் தந்தை யப்பானியப் பொறியியலாளரான தகுவோ அவோயாகி. அவர் வேறொன்றை அளக்க முயன்றார். காதின் ஊடாக ஒளியைச் செலுத்தி, இதயம் வெளியேற்றும் குருதியின் அளவைக் காண விரும்பினார். நாடித்துடிப்பு அளவீட்டிற் குறுக்கிட்டு வரைகோட்டைக் குலைத்தது. அக்குழப்பத்தை அகற்ற முனைந்தபோதே, துடிப்பவை நாடிகளிலுள்ள குருதியே ஆதலால், துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்தால் நாடிக்குருதியின் ஒட்சிசனை அறியலாம் எனக் கண்டார். இது 1974இல் நிகழ்ந்தது. இடையூறாகத் தோன்றியதே பொருளாக மாறிய இவ்வரலாறு பாடபேத ஆராய்ச்சி செய்வோருக்கு விளங்கும்.

ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபினும் ஏறாததும் செந்நிற ஒளியையும் செங்கீழ்க் கதிரையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. விரலில் மாட்டும் கருவி ஏறத்தாழ 660, 940 நனோமீற்றர் அலைநீளங்களில் ஒளியை விரலின் ஊடே செலுத்தி, மறுபுறம் வருவதை ஒப்பிடுகிறது. கைக்கடிகாரத்தில் ஒளிமூலமும் உணரியும் ஒரே பக்கத்தில் உள்ளன. தோலிலிருந்து திரும்பிவரும் ஒளியையே அது வாசிக்க வேண்டும். மணிக்கட்டின் புறத்தோலில் விரல்நுனியிலுள்ள அளவு நுண்குழாய் வளமில்லை. வார் தளர்ந்தால், கை குளிர்ந்தால், தலைக்கடியிற் கை அமுங்கினால், பச்சை குத்தியிருந்தால் அளவீடு பிறழும். 2020இல் அப்பிள் நிறுவனம் இவ்வசதியைத் தன் கடிகாரத்திற் சேர்த்தபோதே, இது உடல்நலன் பேணுதற்கானது, மருத்துவப் பயன்பாட்டுக்கானதன்று என்று அறிவித்தது. விளம்பரத்தின் பெரிய எழுத்தையும் அதனடியிலுள்ள சிறிய எழுத்தையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

மூச்சுத்தடை நோயாளர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது அளக்கும் இடைவெளியாகும். ஓர் அடைப்பினால் வரும் ஒட்சிசன் வீழ்ச்சி பெரும்பாலும் சில பத்துச் செக்கன்களில் முடிந்துவிடும். பல கடிகாரங்கள் இரவு முழுவதும் தொடர்ந்து அளப்பதில்லை. இடையிடையே, கை அசையாத வேளை பார்த்து, ஒருமுறை அளக்கின்றன. குளத்தில் எங்கோ சில இடங்களிற் கோலை ஊன்றி ஆழம் பார்ப்பது போன்றதே இது. பள்ளம் தென்படாமையாற் பள்ளம் இல்லையென்றாகாது. எனவே காலையில் 96 என்ற சராசரியைக் கண்டு முகமூடி வேண்டியதில்லை எனத் துணிவது பேராபத்து. மறுதலையாக, ஒரேயொரு 84ஐக் கண்டு நடுங்குவதும் பொருந்தாது. கைக்கு மேல் உடல் புரண்டிருக்கலாம். தனி எண்ணுக்குச் சான்றுரிமை மிகக் குறைவு. ஆனால் பல வாரங்களாக, முகமூடி அணிந்திருந்த மணித்தியாலங்களிலேயே, மீண்டும் மீண்டும் 90க்குக் கீழே புள்ளிகள் விழுந்துகொண்டிருப்பின் அது அசட்டை செய்யத்தக்கதன்று. காற்று அமுக்கம் போதாதிருக்கலாம், கசிவு இருக்கலாம், பர்வெல் கண்டதுபோன்ற ஆழமற்ற மூச்சோ நுரையீரல் நோயோ உடனிருக்கலாம். அந்நிலையிற் செய்யத்தக்கது, பொறியின் அமுக்கத்தைத் தானே மாற்றுவதன்று; விரற்கருவியால் இரவு முழுவதும் தொடர்ந்து பதிவுசெய்யும் சோதனையை வைத்தியரிடம் கேட்பதாகும்.

நம்மவர்க்கு இன்னுமொரு காரணம் உண்டு. 2020 டிசெம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, விரற்கருவி 92 முதல் 96 சதவீதம் காட்டியபோதும் நாடிக்குருதியை எடுத்துச் சோதிக்கையில் 88க்குக் கீழே இருந்த நிலை, வெள்ளையரில் 3.6 சதவீத அளவீடுகளிலும் கறுப்பரில் 11.7 சதவீத அளவீடுகளிலும் காணப்பட்டதெனக் கூறிற்று. வைத்தியசாலையின் விரற்கருவிகள் பற்றிய முடிபு இது. இக்கருவிகள் யாவும் ஆரோக்கியமான தன்னார்வலரின் குருதியோடு ஒப்பிட்டே அளவு திருத்தப்படுகின்றன. அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டல், அத்தகையோருள் கருந்தோலினர் இருவர், அல்லது 15 சதவீதத்தினர், இவற்றுள் எது கூடியதோ அது இருந்தாற் போதுமெனக் கொண்டது. இதனைக் கூட்டும் வரைவு 2025 ஜனவரியிலேயே வெளிவந்தது. அளவுகோலின் நடுநிலை எவருடைய தோலில் நிறுவப்பட்டது என்ற கேள்வி இங்கு உருவகமன்று. கருந்தோலில் இப்பிழை பெரும்பாலும் உள்ளதைக் காட்டிலும் கூடுதலான எண்ணைத் தருகிறது. அதாவது ஆறுதல் தரும் திசையிற் பிழைக்கிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தன் மணிக்கட்டைப் பார்த்து நிம்மதியடைபவர் இதனை அறிந்திருத்தல் நன்று.

துயில்நிலைகள் பற்றிச் சுருங்கக் கூறலாம். ஆய்வுகூடத்தில் மூளையின் மின்னலைகள், கண்ணசைவு, தாடைத் தசை ஆகியவற்றைக் கொண்டே ஆழ்துயில், கனவுத்துயில் என வகுப்பர். கடிகாரத்துக்கு மூளை எட்டாது. கை அசைவையும் இதயத் துடிப்பின் ஏற்றவிறக்கத்தையும் கொண்டு அது ஊகிக்கிறது. எப்போது உறங்கினார், எப்போது எழுந்தார் என்பதில் ஓரளவு நம்பலாம். 'ஆழ்துயில் 42 நிமிடம்' என்பதில் அவ்வளவு நம்பிக்கை வைக்க இயலாது. அசையாது விழித்துக் கிடப்பவரை உறங்குபவராக அது கொள்ளும். இவ்வெண்களைத் துரத்தியே நித்திரையை இழப்போரைக் கண்ட அமெரிக்க ஆய்வாளர் 2017இல் அதற்கெனத் தனிப்பெயரே ஒன்று புனைந்தனர்.

அண்மைக் காலத்திற் சில கடிகாரங்கள் மூச்சுத்தடை பற்றி எச்சரிக்கும் அனுமதியையும் பெற்றுள்ளன. சம்சுங் 2024 பெப்ரவரியிலும், அப்பிள் அதே ஆண்டு செப்டெம்பரிலும் அமெரிக்க அனுமதி பெற்றன. அப்பிளின் முறை ஒட்சிசனைப் பயன்படுத்துவதில்லை; மணிக்கட்டின் நுண்ணசைவிலிருந்து மூச்சின் குலைவை ஊகிக்கிறது. அந்நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே மிதமான, கடுமையான நோயுடையோருள் ஏறத்தாழ 66 சதவீதத்தினரையே அது இனங்கண்டது. நோயற்றோரைத் தவறாக எச்சரித்தது மிக அரிது. எனவே எச்சரிக்கை வந்தாற் சோதனைக்குச் செல்லலாம். வராமையால் எதுவும் நிறுவப்படுவதில்லை. இவ்விரு வசதிகளும் நோய் இன்னும் கண்டறியப்படாதவருக்காகவே அனுமதிக்கப்பட்டன. ஏற்கெனவே சிகிச்சை பெறுபவரின் இரவை மதிப்பிட அவை உருவாக்கப்படவில்லை. சந்தைக்குத் தேவை புதிய நோயாளர். 2019இல் உலகில் 93 கோடிக்கு மேற்பட்டோருக்கு, இலேசானது உட்பட, இந்நோய் இருக்கலாமென மதிப்பிட்ட ஆய்வு பெரிதும் எடுத்தாளப்படுகிறது. அதற்கு நிதியளித்தது சீபாப் பொறி செய்யும் ரெஸ்மெட் நிறுவனம். மதிப்பீடு தவறென்பது என் வாதமன்று. நோயாளியை எண்ணியவர் யார் என்பதும் எண்ணோடு சேர்த்து அறியப்படல் வேண்டும்.

இவ்வெண்களின் உடைமை பற்றியும் ஒரு நிகழ்ச்சியைக் கூறாதிருக்க முடியவில்லை. மருத்துவ ஒட்சிசன்மானிகள் செய்யும் மசிமோ நிறுவனம், தன் காப்புரிமையை அப்பிள் மீறியதென வழக்காடியது. அமெரிக்கச் சர்வதேச வர்த்தக ஆணைக்குழுவின் 2023 ஒக்டோபர்த் தீர்ப்பைத் தொடர்ந்து, 2024 ஜனவரி 18ஆம் திகதி முதல் அந்நாட்டில் அப்பிள் விற்ற புதிய கடிகாரங்களில் குருதி ஒட்சிசன் அளவீடு முடக்கப்பட்டது. ஒளிமூலம் இருந்தது, உணரி இருந்தது, தோலும் குருதியும் இருந்தன. எண் மட்டும் இல்லை. முந்திய வாரம் வாங்கியவரின் கையில் அதே மாதிரிக் கடிகாரம் அளந்துகொண்டிருந்தது. 2025 ஓகஸ்ட் மாதத்திற் கணக்கிடும் வேலையைக் கைத்தொலைபேசிக்கு மாற்றி அவ்வசதி மீட்கப்பட்டது. உற்பத்திச் சக்திகளுக்கும் உடைமை உறவுகளுக்கும் இடையிலான முரண்பாட்டை விளக்க விரிவுரையாளர் இனி நெடுந்தூரம் தேடவேண்டியதில்லை. முகமூடியின் பக்கத்திலும் நிலைமை சிறந்ததன்று. 2021 ஜூன் மாதத்தில் பிலிப்ஸ் நிறுவனம், ஒலியடக்கும் பஞ்சு சிதைந்து காற்றுவழியிற் சேரக்கூடும் என்பதனாற் பல இலட்சம் மூச்சுப்பொறிகளை மீளப்பெற நேர்ந்தது. தொகை உலகளவில் ஏறத்தாழ 55 இலட்சமாயிற்று. மாற்றுப்பொறிக்காகக் காத்திருந்தவர்கள் சிதையும் பஞ்சுக்கும் அடைபடும் தொண்டைக்கும் இடையே ஒன்றைத் தெரிய வேண்டியவராயினர்.

முதலாளித்துவத்தால் முற்றாகக் கைப்பற்ற முடியாத எஞ்சிய பகுதி துயிலே என்று ஜொனதன் கிராரி 2013இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவரோடு முழுமையாக உடன்பட முடியவில்லை. துயில்பவர் உழைப்பதில்லை என்பது உண்மை; ஆயின் அவரது துயில் தரவாகிப் பண்டமாவது இன்று கண்கூடு. மறுபுறம், துயிலும் காற்றும் முன்னெப்போதும் தூய இயற்கையாக இருந்தனவுமல்ல. 1863 ஜூன் மாதத்தில் இலண்டனில் மாண்ட மேரி ஆன் வாக்லி என்ற 20 வயதுத் தையற்பெண்ணைப் பற்றி மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்தில், வேலைநாள் பற்றிய அதிகாரத்தில் எழுதுகிறார். இருபத்தாறரை மணித்தியாலம் இடைவிடாது தைத்தவள் அவள்; காற்று நுழையாத அறையில் வேலை, காற்று நுழையாத தடுப்புக்குள் இருவர்க்கொரு படுக்கை. மருத்துவர் இவ்விரண்டையுமே மரணத்துக்குக் காரணங் காட்டினார். அவளுடைய மூச்சை எவரும் அளந்திலர். ஆகவே அளத்தலையே பழித்தல் நம் நிலைப்பாடாக இருக்க முடியாது. அளவீடு எவர் கையில், எவ்வினாவுக்கு விடையாக என்பதே பொருள்.

இனி, இரண்டு கருவிகளையும் ஒருங்கு வாசிக்கும் முறைக்கு வருவோம். என் அனுபவமொன்று இதனைத் தெளிவாக்கும். சில மாதங்களாகப் பொறி 2க்கு அண்மையான சுட்டெண்ணையே காட்டிற்று. பயன்பாடும் நான்கு மணித்தியாலத்துக்கு மேல். சிகிச்சை நிலையத்தில் 'நன்று' என்றனர். பிற்பகல் விரிவுரையிலோ கண் செருகிற்று. கடிகாரத்தின் ஒட்சிசன் எண்களை ஒதுக்கிவிட்டு, அது ஓரளவு நம்பிக்கையோடு கூறக்கூடிய ஒன்றை மட்டும் எடுத்தேன்: உறங்கிய நேரமும் எழுந்த நேரமும். பொறியின் பயன்பாட்டுக் கோட்டை அதற்கு நேரே ஒரு தாளில் வரைந்தேன். பதினான்கு இரவுகளில் ஒன்பதில், அதிகாலை மூன்றரை மணியளவிற் பொறி நின்றிருந்தது; கடிகாரமோ ஆறுமணிவரை உறக்கம் எனக் காட்டிற்று. அவ்விரண்டரை மணித்தியாலத்துக்குரிய ஒட்சிசன் புள்ளிகளைப் பின்னர் நோக்கியபோது, முன்னிரவுப் புள்ளிகளிலும் அவை கீழே சிதறிக் கிடந்தன. தனித்தனி எண்ணாக அவற்றை நம்பியிரேன்; அதே கையில், அதே கடிகாரத்தில், முகமூடியுள்ள பாதியையும் இல்லாத பாதியையும் ஒப்பிடுகையில், கருவியின் நிலையான பிழை இருபக்கமும் ஏறத்தாழச் சமமாகிவிடுகிறது. வேறுபாடே பேசுகிறது.

முகமூடியைக் கழற்றியதாக எனக்கு எவ்வித நினைவும் இல்லை. அத்தாளைக் கண்ட வைத்தியர் எண்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விழிக்கும்போது வாய் உலர்ந்திருக்கிறதா என்றே கேட்டார். ஆம் என்றேன். உறக்கத்தில் வாய் திறந்து காற்று அவ்வழியே வெளியேற, தொண்டை வறண்டு, கையே முகமூடியைக் கழற்றிவிடுகிறது என்றார். காற்றுக்கு ஈரம் சேர்க்கும் பகுதியின் அளவைக் கூட்டி, மூக்கை மட்டும் மூடும் முகமூடிக்குப் பதிலாக வாயையும் சேர்த்து மூடும் ஒன்றைத் தந்தார். அடுத்த மாதத்திற் பொறியின் சுட்டெண் 2இலிருந்து 3க்கு உயர்ந்தது. இப்போது அது ஆறு மணித்தியாலத்துக்கான எண்.